ஆன்கோடைப் டிஎக்ஸ் 21 மரபணுப் பரிசோதனை: சுங்கை சிப்புட் தையல்கடையிலிருந்து ஒரு விமர்சனம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்த பிறகு கீமோ போட வேண்டுமா, ஹார்மோன் மாத்திரை மட்டும் போதுமா என்று முடிவெடுக்க உதவும் பரிசோதனை இது. போன வருடம் எனக்கு எடுத்தார்கள். 14 மதிப்பெண் வந்தது. கீமோ போடவில்லை. இன்று காலை கடையைத் திறந்து, இரண்டு ரவிக்கைக்குத் துணி வெட்டி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு 58 வயது. பிறந்தது எல்பில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா பால்மரம் சீவியவர். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் 26 வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. ஆனால் இந்தப் பரிசோதனையைப் பற்றி, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, டாக்டரை மூன்று முறை கேள்வி கேட்டு, புரியும்வரை விடாமல் தெரிந்துகொண்டேன். தமிழில் தேடிப் பார்த்தபோது டுரியான் பெலண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயம்தான் திரும்பத் திரும்ப வந்தது. கடைக்கு வரும் பெண்களும் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கட்டியை நானேதான் கண்டேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு ரவிக்கை தைத்து, போட்டுப் பார்த்து, இடது பக்கம் பிடித்துக் குண்டூசி குத்தும்போது விரலில் ஏதோ தட்டியது. ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி. ஆனால் அமுக்கினால் அமுங்கவில்லை, தள்ளினால் நகரவில்லை. வாயில் கவ்விய ஊசியோடு கண்ணாடி முன்னால் அப்படியே நின்றேன். இந்த ஊரில் மார்பகம் எடுத்துவிட்ட மூன்று பெண்களுக்கு உள்பை வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். வெறும் பஞ்சு வைத்தால் அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொள்ளும் என்று கொஞ்சம் பச்சைப்பயறு சேர்த்து எடை கட்டுவேன். அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பயறுதான் நினைவுக்கு வந்தது.

அத்தையும் நினைவுக்கு வந்தார். அப்பாவின் தங்கை, லயத்தில் அடுத்த வீடு. ஒரு வருடத்துக்கு மேல் துணியை மடித்து உள்ளே வைத்து மறைத்துக்கொண்டே பெரட்டுக்கு, காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, போனார். தோட்டத்து டிரெஸ்சர் (மருத்துவ உதவியாளர்) பார்த்தபோது கட்டி உடைந்திருந்தது. 1986இல், அறுவை முடிந்த எட்டாவது மாதம் போய்விட்டார். அப்போது எனக்கு 19 வயது. அதனால் நான் ஒரு நாளும் தள்ளிப்போடவில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஈப்போ மருத்துவமனைக்குப் போய்விட்டேன்.

கட்டியை மட்டும் எடுத்தார்கள், மார்பகத்தை எடுக்கவில்லை. அளவு 1.8 சென்டிமீட்டர். அக்குளில் எடுத்துப் பார்த்த மூன்று நிணநீர் முடிச்சுகளிலும் புற்றுநோய் இல்லை. கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருந்தது. செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இல்லை, அதைத்தான் ‘ஹெர்2 இல்லை’ என்கிறார்கள். தரம் இரண்டு. இந்த இரண்டாம் தரம்தான் தொல்லை. முதல் தரம் என்றால் மெதுவாக வளர்வது, மூன்று என்றால் வேகமாக வளர்வது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு என்றால் நடுவில் நிற்பது. “கீமோ போட்டுவிட்டால் பாதுகாப்பு” என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பரிசோதனை இருப்பதை எனக்குச் சொன்னது மருத்துவமனை இல்லை. காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனத்து அம்மா, என் பைலை எட்டிப் பார்த்து, “ஆன்கோடைப் எடுத்தாச்சா?” என்று மலாயில் கேட்டார். உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன். “எடுக்கலாம், உங்களுக்குப் பொருந்தும்தான். ஆனால் காசு அதிகம். தோட்டப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கட்ட முடியாது என்பதால் அவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை” என்றார். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எனக்கு நெஞ்சு எரிந்தது. முடியுமா முடியாதா என்று பார்க்க வேண்டியது நானும் என் வீட்டுக்காரரும். பெயரையே சொல்லாமல் விட்டால் நாங்கள் எதை வைத்து முடிவெடுப்பது? டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். வேண்டாம் என்பதை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

இனி பரிசோதனை என்ன பார்க்கிறது என்று சொல்கிறேன். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். மரபணுப் பரிசோதனை என்றதும் என் அக்கா கேட்ட முதல் கேள்வி, “அப்போ என் மகளுக்கும் வருமான்னு தெரிஞ்சிடுமா?” தெரியாது. அது வேறு பரிசோதனை. அதற்கு ரத்தமோ எச்சிலோ எடுத்து, பிறக்கும்போதே வாங்கி வந்த மரபணுவில், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மாதிரி இடங்களில், பழுது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆன்கோடைப் பார்ப்பது வெட்டி எடுத்த கட்டியை. கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று அளக்கிறது.

டாக்டர் சொன்னதை நான் என் கடையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். என் அலமாரியில் எல்லா மாதிரிக்கும் பேப்பர் கட்டிங் இருக்கிறது. பாவாடை, படகுக் கழுத்து, பஃப் கை, பாஜு குரோங், பள்ளிக்கூட யூனிபார்ம், எல்லாம். ஆனால் இன்றைக்கு நான் எதைத் தைக்கிறேன் என்பது அலமாரியைப் பார்த்தால் தெரியாது. மிஷினுக்கு மேலே கம்பியில் ஆர்டர் சீட்டுகள் குத்தி வைத்திருப்பேன், அதைப் பார்க்க வேண்டும். உடம்பில் உள்ள செல்களும் அப்படித்தான். தோல் செல்லுக்கும் ஈரல் செல்லுக்கும் இருப்பது ஒரே அலமாரி, ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். எந்தப் பேப்பரை எடுத்து எத்தனை சீட்டு எழுதுகிறது என்பதில்தான் தோல் தோலாகவும் ஈரல் ஈரலாகவும் இருக்கிறது. அந்தச் சீட்டுக்கு ஆர்என்ஏ என்று பெயர். சீட்டு எழுதப்பட்டு, அதன்படி புரதம் தயாராவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

புற்றுநோய்ச் செல்லில் இந்தச் சீட்டுக் கணக்கு கெட்டுப்போகிறது. ‘இரண்டாகப் பிரி’ என்ற சீட்டு குவிகிறது, ‘போதும், நிறுத்து’ என்ற சீட்டு வருவதில்லை. எல்லா நேரமும் பேப்பர் கிழிந்ததால் இப்படி ஆவதில்லையாம். பேப்பர் முழுசாக இருக்கும். ஆனால் அதன்மேல் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமல் செய்துவிடும். தடுக்க வேண்டிய மரபணு அப்படி ஊமையாகிப் போகும். ஹெர்2 கதை இதற்கு நேர் எதிர். ஒரே பேப்பரை நகல் நகலாக எடுத்து வைத்துக்கொண்டு சீட்டு மேல் சீட்டு எழுதும், செல்லின் மேல்தோலில் வளர்ச்சிக் கட்டளையை வாங்கும் கைகள் நெருக்கியடித்து நிற்கும். எனக்கு இருந்தது ஈஸ்ட்ரோஜன் வகை. ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் போய்த் தன் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த கையோடு ஏற்பி மரபணுக்களின் மேல் உட்கார்ந்து, வளரச் சொல்லும் சீட்டுகளை எழுத வைக்கிறது. ஹார்மோன் மாத்திரையின் வேலை இதைத் தடுப்பதுதான். தமோக்சிஃபென் ஏற்பியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான் சாப்பிடும் லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே குறைக்கிறது.

பரவுவது எப்படி என்று கேட்டபோது டாக்டர் சொன்னது என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. மார்பகக் குழாயில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இ-கேடரின் என்ற புரதம் அவற்றைப் பிடித்துத் தைத்து வைத்திருக்கிறது. ஸ்னெயில், ட்விஸ்ட் என்று சில மரபணுக்கள் விழித்துக்கொண்டால் இ-கேடரினுக்குச் சீட்டு எழுதுவது குறைகிறது. தையல் விடுகிறது. ஒழுங்காக வரிசையில் நின்ற செல் உருவம் மாறி, நகரத் தொடங்குகிறது. சுற்றியுள்ள திசுவை அறுக்கும் நொதிகளுக்கும் சீட்டு எழுதிக்கொள்கிறது. அப்புறம் ரத்தக் குழாய், எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை. நெருக்கமாகப் போட்ட தையலில் ஒரு நூல் அறுந்தால் முழுத் தையலும் எப்படி உருவிக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆன்கோடைப் எண்ணுவது 21 மரபணுக்களின் சீட்டுகளை. அதில் 16 புற்றுநோயோடு சம்பந்தப்பட்டவை. மீதி 5 எந்தச் செல்லிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஓடுபவை, கடைக்கு விளக்கு எரிவது மாதிரி. கட்டித் துண்டு பெரிதோ சிறிதோ, பழையதோ புதியதோ, அந்த 5ஐ முழக்கோலாக வைத்து மற்றதை அளக்கிறார்கள். 16இல் ஐந்து செல் பெருக்கத்தைச் சேர்ந்தவை. கேஐ-67, சர்வைவின், சைக்ளின் பி1 எல்லாம் அந்தக் கூட்டம். கேஐ-67 என்ற பெயரைப் பார்த்து ஏதோ சூத்திரம் என்று நினைத்தேன். ஜெர்மனியில் கீல் என்ற ஊரில் 1983இல் கண்டுபிடித்தார்களாம், ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்தும், சோதனைத் தட்டில் அது இருந்த குழியின் எண்ணும்தான் பெயர். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் அது இருக்கும், ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. சர்வைவின், சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காப்பது. பரவுவதோடு தொடர்புடையவை இரண்டு, ஹெர்2 கூட்டத்தில் இரண்டு, ஈஸ்ட்ரோஜன் கூட்டத்தில் நான்கு, தனியாக மூன்று. எல்லாம் சேர்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண். கூடக்கூட ஆபத்து அதிகம். பள்ளிக்கூட மார்க் மாதிரி நினைத்துக்கொண்டு என் அக்கா, “14தானா?” என்று அழுதுவிட்டார். குறைவாக வந்தால் நல்லது என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

இந்த மதிப்பெண் போடும் சூத்திரம் 2004இலேயே வெளியான ஒன்று. என் மகள் அதை எடுத்துக் காட்டினாள். பெருக்கக் கூட்டத்துக்கு 1.04 எடை. பரவும் கூட்டத்துக்கு 0.10தான். ஈஸ்ட்ரோஜன் கூட்டத்துக்கு 0.34, அதுவும் கழித்தல், அதாவது அது நிறைய இருந்தால் மதிப்பெண் இறங்கும். எனக்கு இது ஒப்பவில்லை. பரவுவதுதானே ஆளைக் கொல்கிறது, அதற்குப் போய்ப் பத்தில் ஒரு பங்கா? டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். எந்த மரபணு முக்கியம் என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்து எடை போடவில்லை என்றார். 250 மரபணுக்களை எடுத்துக்கொண்டு, 447 பெண்களின் கட்டிகளில் அளந்து, யாருக்குத் திரும்பி வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, எதிர்காலத்தைக் கூடுதலாகச் சொன்னது பெருக்கக் கூட்டம்தான். இந்த வகைக் கட்டியில் வேகமாகப் பிரிவதுதான் பிறகு தூரத்தில் போய் முளைக்கிறது. அதோடு, கீமோ மருந்து தாக்குவது பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத்தான். மெதுவாகப் பிரியும் கட்டியில் கீமோவுக்கு வேலை குறைவு. இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தப் பரிசோதனையில் நம்பிக்கை வந்தது.

கட்டியை எப்படி அனுப்புகிறார்கள் என்று பார்க்கக் கேட்டேன். மிஸ்ஸி (நர்ஸ்) முதலில் முடியாது என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்து மனம் இரங்கி, கீழே கூட்டிப்போய்க் காட்டினார். மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், தீப்பெட்டியை விடச் சின்னது. அதன்மேல் மெழுகு. மெழுகுக்குள்ளே வெளிறிப்போன ஒரு துண்டு, பக்குவம் போன சோயா இறைச்சி மாதிரி. ஓரத்தில் பென்சிலால் என் எண். பத்து விரலுக்கும் தெரிந்த அந்தக் கொண்டைக்கடலை அதுதான் என்று நம்பவே முடியவில்லை. ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்துவிட்டால் பல வருடம் கெடாதாம். இதிலிருந்து சீவல் சீவலாக எடுத்து அமெரிக்காவுக்கு, கலிபோர்னியாவில் ரெட்வுட் சிட்டி என்ற ஊரில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஆர்என்ஏ சீக்கிரம் உடைந்துபோகும் சரக்கு. உடைந்த துண்டுகளையும் எண்ண வழி கண்டுபிடித்ததால்தான் மெழுகில் இருக்கும் பழைய கட்டியிலும் இதைச் செய்ய முடிகிறது.

அந்த மெழுகைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனை சரிதானா என்று உறுதி செய்ய அவர்கள் எடுத்துக்கொண்டது 668 பெண்களின் கட்டிகள். அமெரிக்காவில் 1980களில் நடந்த ஒரு தமோக்சிஃபென் ஆய்வில் சேர்ந்தவர்கள். அவர்கள் கட்டியை மெழுகில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். யாருக்குத் திரும்பி வந்தது என்ற கணக்கும் கையில் இருந்தது. மதிப்பெண் குறைவாக இருந்தவர்களில் பத்து வருடத்துக்குள் தூரத்து உறுப்பில் வந்தது 6.8 விழுக்காட்டினருக்கு, அதிகமாக இருந்தவர்களில் 30.5 விழுக்காட்டினருக்கு. எல்லோரும் ஒரே மாத்திரை சாப்பிட்டவர்கள்தான். அதே வருடங்களில்தான் என் அத்தையும் அறுவைக்குப் படுத்தார். அவர் கட்டியை யார் வைத்திருந்தார்கள்? எங்கேயோ இருக்கும் 668 பெண்கள், பெயர்கூடத் தெரியாது, அவர்கள் கொடுத்துவிட்டுப் போனதை வைத்து எனக்கு ஒரு பதில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அத்தைக்கு வைக்கும் பூவில் அவர்களுக்கும் சேர்த்து வைக்கிறேன்.

எங்கள் பக்கம் நடந்த சேவையைப் பற்றி: மோசம். பணம் கட்டி, கையெழுத்துப் போட்ட பிறகு பதினொரு நாள் என் மெழுகுக் கட்டி மருத்துவமனை கவுன்டரிலேயே கிடந்தது. ஏதோ ஒரு பாரத்தில் ஒரு கட்டம் நிரப்பவில்லையாம். யாரும் கூப்பிடவில்லை. மகள் போன் போட்டுப் போட்டுத்தான் தெரிந்தது. கீமோ போட வேண்டியவர்களுக்குப் பதினொரு நாள் சும்மா போவது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் எடுத்தால், பார்சல் போன தேதியையும் கூரியர் எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய பிறகு பதினேழாவது நாள் முடிவு கைக்கு வந்தது. காப்புறுதிக் கம்பெனியும் கைவிட்டது, இது சிகிச்சை இல்லை, வெறும் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து இலக்கத்தில் வந்த தொகை. வீட்டுக்காரர் 55 வயதில் எடுத்து வைத்திருந்த இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) காசில் கட்டினோம். வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த காசு அது. “கூரை ஒழுகினா வாளி வைக்கலாம்” என்றார் அவர். வேறு எதுவும் பேசவில்லை.

முடிவு என்ன சொன்னது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 14 என்றால் திரும்பி வராது என்று அர்த்தம் இல்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டால் இருக்கும் ஆபத்தைக் கீமோ மேலும் பெரிதாகக் குறைக்காது என்பதுதான் அர்த்தம். இதற்கு ஆதாரம் டெய்லர்-எக்ஸ் என்ற ஆய்வு. 10,273 பெண்கள். 2018இல் முடிவு வெளியானது. 11 முதல் 25 வரை மதிப்பெண் வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கீமோவும் மாத்திரையும், இன்னொரு பாதிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் கழித்துத் தூரத்து உறுப்பில் புற்றுநோய் வராமல் இருந்தவர்கள் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 94.5 விழுக்காடு, கீமோவும் சேர்த்துப் போட்டவர்களில் 95.0 விழுக்காடு. அந்த அரை விழுக்காட்டை நினைத்து நான் இரண்டு நாள் யோசித்தேன். கீமோவால் நரம்பு மரத்துப்போய் விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தால் நான் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. யோசித்துத்தான் வேண்டாம் என்றேன்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்து ஹெர்2 இல்லாத, ஆரம்ப நிலைக் கட்டிக்குத்தான் இது. ஹெர்2 இருப்பவர்களுக்கு அதற்கென்றே மருந்து இருக்கிறது, 1998இலிருந்து ஹெர்செப்டின் வந்துவிட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 மூன்றும் இல்லாத வகைக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. வயதும் முக்கியம். 50 அல்லது அதற்குக் குறைந்த வயதில் 16 முதல் 25 வந்தவர்களுக்குக் கீமோவால் கொஞ்சம் பலன் இருந்தது அதே ஆய்வில். 26 அல்லது அதற்கு மேல் என்றால் யாராக இருந்தாலும் கீமோ பற்றிப் பேசியாக வேண்டும். அக்குளில் ஒன்று முதல் மூன்று முடிச்சு வரை புற்றுநோய் இருந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2021இல் வந்தது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு 25 வரை கீமோ பலன் தரவில்லை, நிற்காதவர்களுக்குத் தந்தது. ஆகவே என் 14ஐக் காட்டி, “அக்காவே போடல, நானும் போட மாட்டேன்” என்று யாரும் சொல்லாதீர்கள். 35 வயதுப் பெண் ஒருவர் கடையில் என்னிடம் அப்படித்தான் சொன்னார். தையல் அளவு போலத்தான் இதுவும், என் அளவில் வெட்டிய ரவிக்கை அவருக்கு ஏறாது.

ஒரு குறை என் மனதில் இன்னும் இருக்கிறது. டெய்லர்-எக்ஸ் நடந்தது ஆறு நாடுகளில். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, பெரு. ஆசியாவில் ஒரு நாடுகூட இல்லை. நம் பெண்களின் கட்டி அதே மாதிரிதான் பேசுமா? இந்தக் கேள்வியை நம் நாட்டிலேயே கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பினர் 560 மலேசியப் பெண்களின் மார்பகக் கட்டிகளில் மரபணு மாற்றங்களையும் சீட்டுகளையும் எடுத்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டுப் பெண்களோடு ஒப்பிட்டால் நம்மிடம் ஹெர்2 வகை கூடுதல், கட்டிக்குள் நோய் எதிர்ப்புச் செல்களின் நடமாட்டமும் கூடுதல் என்று கண்டார்கள். நம் ஆட்களிடம் யாராவது ஆய்வுக்குக் கட்டியைத் தரச் சம்மதமா என்று கேட்டால், பயப்படாமல் பாரத்தை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நான் போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன மாதம் பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, எச்சிலைக் குழாயில் துப்பிக் கொடுத்தால் ‘புற்றுநோய் ஜீன்’ இருக்கிறதா என்று சொல்கிறோம், இருந்தால் எங்கள் பொடி அதை அணைத்துவிடும் என்று விற்றார்கள். என் கடைக்கு வரும் இரண்டு பேர் காசு கொடுத்துவிட்டார்கள். எச்சிலில் உங்கள் கட்டியின் சீட்டு இருக்காது. ஏற்கெனவே கட்டி இருக்கிறவர் அந்தக் காகிதத்தில் ‘இல்லை’ என்று வந்ததை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? என் அத்தை துணி வைத்து மறைத்த ஒரு வருடம் மாதிரி இன்னொரு வருடம் போய்விடும்.

காசுக்குத் தகுமா என்றால், என் நிலையில் இருப்பவருக்குத் தகும். 50 வயது தாண்டி, முடிச்சில் இல்லாமல், இரண்டாம் தரம் என்று நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு இந்தப் பதில் சுலபமாகக் கிடைக்காது. கட்டி ரொம்பச் சின்னது, முதல் தரம் என்றால், கூரைக் காசை எடுக்கும் முன் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வரும் மதிப்பெண்ணைப் பார்த்து உங்கள் முடிவு மாறுமா?” மாறாது என்றால் எடுக்க வேண்டாம். இதே மாதிரி 70 மரபணுக்களைப் பார்க்கும் மம்மாபிரிண்ட் என்று நெதர்லாந்திலிருந்து இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்று வாரம் கதிர்வீச்சுக்கு ஈப்போ போய் வந்தேன், கடையை மதியத்துக்கு மேல்தான் திறந்தேன். இப்போது தினம் ஒரு லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம், ஐந்து வருடத்துக்கு. காலையில் விரல் கணுக்கள் இறுகிக் கிடக்கின்றன. சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் கத்தரிக்கோலைப் பிடிக்க வருகிறது. எலும்பு அடர்த்தியும் பார்த்தார்கள், கால்சியம் கொடுத்திருக்கிறார்கள். மெழுகுக் கட்டியின் எண்ணை மாத்திரை டப்பா மூடிக்குள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு ஏதாவது புதுப் பரிசோதனை வந்தால் அதே கட்டியிலிருந்து எடுக்கலாம், எண் தெரிந்திருந்தால் தேட வேண்டியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஜாலோங்கிலிருந்து ஒரு தாயும் மகளும் ரிப்போர்ட்டோடு கடைக்கு வந்தார்கள். அம்மாவுக்குத்தான் கட்டி. இந்தப் பரிசோதனை எடுக்கத்தான் காசு சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். வாசித்துப் பார்த்தேன், ஹெர்2 மூன்று பிளஸ் என்று இருந்தது, அதாவது ஹெர்2 இருக்கிறது. “இது உங்களுக்கு வேண்டாங்கம்மா, காசைக் கட்டாதீங்க, ஹெர்2 மருந்தைப் பத்தித்தான் நீங்க கேக்கணும்” என்றேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் என் மிஷினுக்கு மேலே தொங்கிய சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை ஈப்போவில் டாக்டரைப் பார்க்கிறார்கள். கேட்க வேண்டிய ஆறு கேள்விகளை அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தமிழில் எழுதி, மகள் கையில் கொடுத்திருக்கிறேன்.